ஆங்கிலம் பேசும் தயக்கம்: தனிப் பயிற்சியா, செயலியா, துணையா, வகுப்பா, மன்றமா?

கடிதம் எழுதச் சொன்னால் பெரிய பிழையில்லாமல் இரண்டு பக்கம் எழுதிவிடும் ஒருவர், அதே செய்தியைத் தொலைபேசியில் ஆங்கிலத்தில் சொல்ல நேர்ந்தால் நா வறண்டு, தெரிந்த சொற்களும் மறந்துபோய், பிறகு அழைப்பதாகச் சொல்லி வைத்துவிடுகிறார். இவருக்கு ஆங்கில அறிவு குறைவு என்று சொல்ல முடியாது. ஆயினும் இவரைப் போன்றவர்கள் தயக்கத்தைப் போக்க முற்படும்போது முதலில் வாங்குவது ஓர் இலக்கண நூலாகவும், சேர்வது மீண்டும் ஓர் அடிப்படை வகுப்பாகவும் இருக்கிறது. நானும் அப்படிச் சில ஆண்டுகளைக் கழித்தவன். அந்த அனுபவத்தைக் கொண்டு, இன்று கற்பவர் முன் இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, எது யாருக்கு, எந்த வரிசையில் பொருந்தும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

எந்த அச்சம் என்று முதலில் அறிதல்

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அச்சத்தை இனங்காண வேண்டும். 1986-இல் எலேன் ஹோர்விட்ஸ், மைக்கேல் ஹோர்விட்ஸ், ஜோவான் கோப் ஆகிய மூவரும், வேற்றுமொழி வகுப்பில் கற்பவருக்கு எழும் பதற்றத்தை அளக்க 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். இந்தப் பதற்றத்தோடு தொடர்புடையவை என்று அவர்கள் மூன்றைக் குறிப்பிட்டார்கள்: பிறருடன் பேசுவதிலேயே இருக்கும் அச்சம், தேர்வு பற்றிய அச்சம், பிறர் தம்மைக் குறைவாக எடைபோடுவார்களோ என்னும் அச்சம். வேற்றுமொழிப் பதற்றம் இம்மூன்றையும் கூட்டினால் கிடைப்பது மட்டும் ஆகாது என்றும், மொழி கற்கும் சூழலுக்கே உரிய தனி இயல்பு அதற்கு உண்டு என்றும் அவர்கள் வாதிட்டார்கள்.

அளவுகோலைத் தேடிப் போகாமலேயே ஒருவர் தம்மைச் சோதித்துக்கொள்ளலாம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நேற்று என்ன செய்தோம் என்பதை ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். தனியாக இருந்தும் ஒவ்வொரு வாக்கியத்திலும் நின்றுபோனால், சொற்கள் இன்னும் வாய்க்குப் பழகவில்லை என்று பொருள். தனியாக ஓரளவு பேச வந்து, ஆள் எதிரே வந்ததும் அடைத்துக்கொண்டால், அங்கே வேலை செய்வது எதிரிலிருப்பவர் என்ன நினைப்பாரோ என்னும் அச்சம். தாய்மொழியிலும் நான்கு பேர் நடுவே இதே நடுக்கம் வருமானால் அது ஆங்கிலத்தைப் பற்றிய சிக்கலே அல்ல. அதற்கு மொழிப் பயிற்சியைவிட உளவியல் ஆலோசகரின் உதவியே பயன்படும், அதைத் தேடுவதில் வெட்கப்பட எதுவுமில்லை. பலருக்கு முதல் இரண்டும் வேறு வேறு அளவில் கலந்திருக்கும்.

இந்தப் பிரிவு ஏன் முக்கியம் என்பதைப் பேச்சு உருவாகும் முறை விளக்குகிறது. உளமொழியியலாளர் வில்லெம் லெவெல்ட் 1989-இல் முன்வைத்த மாதிரியின்படி, பேசுகிறவர் சொல்ல வேண்டியதை முதலில் எண்ணத்தில் வகுக்கிறார், பிறகு அதற்குச் சொல்லையும் இலக்கணத்தையும் பூட்டுகிறார், அதன்பின் ஒலியாக வெளியிடுகிறார். தாய்மொழியில் பிந்திய இரண்டு கட்டங்களும் பெரும்பாலும் கவனத்தைக் கேட்காமலே நடந்துவிடுகின்றன. இரண்டாம் மொழியிலோ நடுக் கட்டம் கவனத்தின் பெரும்பகுதியைப் பிடுங்கிக்கொள்கிறது, அதிலும் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும் மொழியிலிருந்து அது நடுவில் வரும் மொழிக்கு மாறுகிறவருக்குச் சொல்வரிசையே ஒரு சுமையாகிறது. இதே நேரத்தில் "இறந்தகாலம் சரியாக வந்ததா, அவர் முகம் ஏன் சுருங்கியது" என்று உள்ளே ஒரு காவலர் கேட்டுக்கொண்டே இருந்தால், மிச்சமிருக்கும் கவனமும் அவருக்கே போய்விடுகிறது. தெரிந்த சொல் வாயில் வராமல் போவது இதனால்தான்.

ஆகவே செய்ய வேண்டிய பணி இரண்டு. திரும்பத் திரும்பப் பேசி நடுக் கட்டத்தை எளிதாக்குவது ஒன்று. ஆட்கள் முன்னிலையில் பேசிப் பேசி உள்ளிருக்கும் காவலரின் குரலைத் தணிப்பது மற்றொன்று. கீழே வரும் வழிகளில் எதுவும் இரண்டையும் ஒரே அளவில் செய்வதில்லை என்பதே என் ஒப்பீட்டின் சாரம்.

தனியாகப் பேசிப் பழகுவது

ஒலிப்பதிவை ஓடவிட்டு, பேசுகிறவருக்கு ஓரிரு சொல் பின்னால் அவர் சொல்வதையே அப்படியே சொல்லிச் செல்லும் பயிற்சியைப் பலர் அறிந்திருப்பார்கள். உடனுக்குடன் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷிகளைப் பயிற்றுவிப்பதிலும் இது நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. வாயையும் காதையும் ஆங்கிலத்தின் ஓட்டத்துக்குப் பழக்க இது நல்லது. ஆனால் இதில் வாயில் வருவது இன்னொருவர் அமைத்த வாக்கியம். சொல்லைத் தேடி எடுத்துப் பூட்டும் வேலை இதில் நடப்பதே இல்லை என்பதால், மாதக்கணக்கில் இதை மட்டுமே செய்தவர் முதல் உரையாடலிலேயே ஏமாற்றம் அடைகிறார்.

அதைவிடப் பயனுள்ளது தம் சொந்த வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்வது. இதற்கு மொழி கற்பித்தல் அறிஞர் பால் நேஷன் பரவலாக அறியச் செய்த 4-3-2 முறையை நான் பெரிதும் பரிந்துரைப்பேன். ஒரே செய்தியை முதலில் நான்கு நிமிடத்திலும், பிறகு மூன்று நிமிடத்திலும், கடைசியாக இரண்டு நிமிடத்திலும் சொல்ல வேண்டும். மூன்று முறையும் வெவ்வேறு ஆட்களிடம் சொல்வதுதான் உரிய முறை, ஆளில்லாதபோது கைப்பேசியின் ஒலிப்பதிவிடம் சொன்னாலும் பயன் உண்டு. சொல்ல வேண்டியது மாறாததால் முதல் கட்டத்தின் சுமை குறைகிறது. நேரம் சுருங்குவதால் சொல்லைத் தேடி நிற்க இடமில்லாமல் போகிறது. மூன்றாம் முறை பேசும்போது, முதல் முறை தடுக்கிய இடங்களைத் தாம் தாண்டிச் செல்வதைக் கற்பவரே உணர்கிறார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தம் பதிவை முதன்முறை கேட்ட அன்றே இந்தப் பயிற்சியைக் கைவிடுபவர்கள் பலர். நாம் பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமின்றி மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் உட்செவியை அடைகிறது. பதிவில் அந்த எலும்பு வழி ஒலி இல்லாததால் குரல் மெலிந்து, அந்நியமாக ஒலிக்கிறது. எந்த மொழியில் பேசினாலும் இப்படித்தான். தம் குரலின் அந்நியத்தைத் தம் ஆங்கிலத்தின் குறை என்று எண்ணிவிடுவதுதான் வருத்தத்துக்குரியது.

தனிப் பயிற்சியின் எல்லையும் தெளிவானது. யாரும் குறுக்கிடுவதில்லை, யாரும் கேள்வி கேட்பதில்லை. எனவே இதை மட்டுமே செய்தவர் தம்மைப் பற்றிய அறிமுகத்தை அழகாகச் சொல்லி முடித்து, அடுத்து வரும் முதல் கேள்வியில் நின்றுவிடுகிறார்.

உரையாடும் செயலி

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு குரலில் உரையாடும் செயலிகள் இந்தக் குறையில் ஒரு பாதியை நீக்கிவிட்டன. அவை கேள்வி கேட்கின்றன, பதிலைத் தொடர்ந்து பேசுகின்றன, நேர்முகத் தேர்வையோ மருத்துவரிடம் பேசுவதையோ பத்து முறை நடித்துப் பார்க்க இடம் தருகின்றன. பிழை செய்தாலும் நினைவில் வைத்துக்கொண்டு பின்னால் பேச ஓர் ஆள் அங்கே இல்லை. சொற்கள் வாய்க்குப் பழகாதவருக்கு இது பெரிய கொடை என்பதில் எனக்கு ஐயமில்லை.

பிறரின் மதிப்பீட்டுக்கு அஞ்சுகிறவருக்கு மட்டும் இதே கொடை ஒரு மறைவிடமாக மாறிவிடக் கூடும். அச்சத்தைத் தரும் நிலையை நேரில் சந்திக்காமல் இருக்க ஒருவர் கைக்கொள்ளும் சிறு சிறு பாதுகாப்புகளே அந்த அச்சத்தை உயிரோடு வைத்திருக்கின்றன என்று சமூக அச்சத்தை ஆராய்ந்த டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் இருவரும் 1995-இல் விளக்கினார்கள். அஞ்சியது நடக்கவில்லை என்பதைக் கண்ணால் காணும் வாய்ப்பே இல்லாமல் போவதுதான் காரணம். செயலி புருவம் உயர்த்துவதில்லை, கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, உடைந்த வாக்கியத்தையும் பொறுமையாக ஒட்டவைத்துப் புரிந்துகொள்கிறது. அதனிடம் ஆறு மாதம் பேசியவருக்குச் சரளம் கூடியிருக்கலாம், ஆனால் மனித முகம் ஒன்றின் முன் தாம் தடுமாறியும் ஒன்றும் ஆகவில்லை என்ற அனுபவம் ஒரு நாளும் கிடைத்திருக்காது. எனவே செயலியைத் தேர்ந்தெடுப்பவர் தொடக்கத்திலேயே ஒரு முடிவு நாளைக் குறித்துக்கொள்வது நல்லது என்பேன். நான்கு அல்லது ஆறு வாரம் போதும். செயலி ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டுவிட்டால் தம் உச்சரிப்பே தவறு என்று முடிவு கட்டவும் வேண்டாம், கேட்டதில் பிழை இயந்திரத்துடையதாகவும் இருக்கலாம்.

எதிரே ஒரே ஓர் ஆள்

எல்லா வழிகளிலும் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இதற்குத்தான். ஒருவருடன் மட்டும் பேசும்போது மனித முகமும் இருக்கிறது, கூட்டத்தின் பார்வையும் இல்லை. ஒரு மணி நேரத்தில் பாதியாவது பேசக் கிடைக்கிறது. மேலே சொன்ன இரண்டு பணிகளும் ஓரளவேனும் சேர்ந்து நடக்கும் இடம் இதுவே. யார் அந்த ஒருவர் என்பதில்தான் தேர்வு இருக்கிறது.

தனி ஆசிரியர் நேரத்துக்கு வருவார், திட்டத்தோடு வருவார், நம் பிழைகளில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்பதைக் கண்டுபிடிப்பார். ஆனால் ஆசிரியர் என்றதுமே தேர்வறையும் சிவப்பு மையும் நினைவுக்கு வருகிற ஒருவருக்கு அவரே அச்சத்தின் காரணமாகிவிட முடியும். இதற்கு ஆசிரியரை மாற்றுவதைவிட முதல் நாளே சில ஏற்பாடுகளைப் பேசிக்கொள்வது பயன் தரும். பேசிக்கொண்டிருக்கும்போது இடைமறித்துத் திருத்த வேண்டாம், முடிந்தபின் மூன்று பிழைகளை மட்டும் சொன்னால் போதும், ஒரே தலைப்பை அடுத்த வாரமும் பேச விடுங்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். இப்படிக் கேட்பதை நல்ல ஆசிரியர் எவரும் தவறாக எண்ணமாட்டார். கேட்டும் ஒவ்வொரு சொல்லிலும் குறுக்கிடுகிறவரிடம் பேச்சுத் தயக்கத்துக்காகச் செல்வது வீண்.

மொழிப் பரிமாற்றத் துணை என்பது நம் மொழியைக் கற்க விரும்பும் ஒருவரோடு நேரத்தைப் பாதியாகப் பகிர்ந்துகொள்வது. இதன் உண்மையான வலிமை, அரை மணி நேரம் தடுமாறியவர் அடுத்த அரை மணி நேரத்தில் அறிந்தவராக மாறுவதில் இருக்கிறது. எதிரிலிருப்பவரும் நம் மொழியில் தடுக்கி, சிரித்து, மீண்டும் முயல்வதைப் பார்க்கும்போது, பிழையோடு பேசுகிற ஒருவரை நாம் சற்றும் இழிவாக நினைக்கவில்லை என்பது நமக்கே தெரிகிறது. அதே கனிவு நமக்கும் கிடைக்கும் என்று நம்ப இதைவிட நல்ல சான்று இல்லை. குறைகளும் உண்டு. இருவரில் ஒருவருக்கு எளிதான மொழிக்கே உரையாடல் சாய்ந்துவிடும், சில வாரங்களில் சந்திப்புகள் குறைந்து நின்றும் போகும். கடிகாரம் வைத்துப் பாதி நேரத்தில் மொழியை மாற்றுவதும், வாரத்தில் ஒரே நாள் ஒரே நேரம் என்று வைத்துக்கொள்வதும் இதை ஓரளவு தடுக்கும்.

மூன்றாவது, நம்மைப் போலவே கற்றுக்கொண்டிருக்கும் ஒரு நண்பர். அவருடைய பிழைகள் நமக்கும் ஒட்டிக்கொள்ளும் என்ற கவலையால் இதைப் பலர் ஒதுக்குகிறார்கள். தயக்கம் முதல் சிக்கலாக இருக்கும் காலத்தில் அந்தக் கவலையைத் தள்ளி வைக்கலாம் என்பது என் கருத்து. சொல்ல முயலும்போதுதான் தமக்கு எது தெரியவில்லை என்பது கற்பவருக்குத் தெரியவருகிறது என்ற கருத்தை 1985 முதல் மெரில் ஸ்வெய்ன் வளர்த்து வந்தார். அந்த முயற்சிக்கு எதிரே இருப்பவர் வல்லுநராக இருந்தாக வேண்டும் என்பதில்லை.

ஆசிரியரைத் தேடுகிறவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்தான் வேண்டும் என்று நிற்கிறார்கள். இதை நான் அழுத்தமாக மறுப்பேன். வேற்று உச்சரிப்புச் சாயல் வலுவாக இருப்பதும், பேச்சு புரியாமல் போவதும் வெவ்வேறு செய்திகள் என்பதை மரே மன்ரோ, டிரேசி டெர்விங் இருவரும் 1995-இல் ஆய்வு மூலம் காட்டினார்கள். சாயல் மிகுந்த பேச்சையும் கேட்பவர்கள் பெரும்பாலும் சரியாகவே புரிந்துகொண்டார்கள். ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-இல் ஒருபடி மேலே சென்று, வெவ்வேறு தாய்மொழியினர் தமக்குள் ஆங்கிலம் பேசும்போது எந்த ஒலிகள் புரிதலுக்கு இன்றியமையாதவை என்று பிரித்துக் காட்டினார். 'திங்க்' என்ற சொல்லின் முதல் ஒலியைப் போல, கற்பவர்கள் ஆண்டுக்கணக்கில் கவலைப்படும் ஒலி அந்தப் பட்டியலில் இல்லை. உயிரொலியின் நீட்டமும் வாக்கியத்தில் எந்தச் சொல்லை அழுத்துகிறோம் என்பதும் அதில் இருந்தன. உலகில் ஆங்கிலம் பேசுகிறவர்களில் அதைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களே மிகுதி. தாமும் ஒரு காலத்தில் இதே இடத்தில் நா தடுக்கி நின்ற ஆசிரியருக்கு, அந்த இடத்தைத் தாண்டும் வழி தெரியும்.

குழு வகுப்பு

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பைப் பற்றிச் சிறிய கணக்கு ஒன்றே போதும். அறுபது நிமிட வகுப்பில் பதினைந்து பேர் இருந்து, ஆசிரியர் பாதி நேரம் பேசினால், ஒருவருக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்காகத் தம் முறை வரும்வரை நெஞ்சம் படபடக்கக் காத்திருப்பவர், முன்னால் பேசுகிறவர்கள் சொல்வதைக் கேட்பதில்லை. தம் வாக்கியத்தை மனத்துக்குள் உருப்போட்டுக்கொண்டிருக்கிறார். நேரத்தின் பெரும்பகுதியை இருவர் இருவராகப் பிரிந்து பேசுவதற்கு ஒதுக்கும் வகுப்பாக இருந்தால் நிலைமை வேறு. சேர்வதற்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்து, மாணவர்களின் குரல் எவ்வளவு நேரம் கேட்கிறது என்பதைக் கவனித்துவிட்டு முடிவெடுக்கலாம்.

பேச்சு மன்றம்

1924-இல் ரால்ஃப் ஸ்மெட்லி கலிஃபோர்னியாவின் சாண்டா அனாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ், இவ்வகை மன்றங்களில் பரவலாக அறியப்பட்டது. ஐந்து முதல் ஏழு நிமிடம் வரை ஆயத்தம் செய்த உரை, அந்தக் கணமே தரப்படும் தலைப்பில் ஒன்றிரண்டு நிமிடப் பேச்சு, ஒவ்வொரு உரைக்கும் ஒருவர் தரும் மதிப்பீடு என்று கூட்டம் நடக்கும். பேச்சின் நடுவே வரும் 'ஆ', 'உம்' ஒலிகளை எண்ணவும் ஒருவர் அமர்த்தப்படுவார். வெளியிலிருந்து பார்க்கும்போது தயங்குகிறவருக்கு இதைவிடக் கொடிய இடம் இல்லை என்று தோன்றலாம். ஆனால் அங்கே வந்திருக்கும் ஒவ்வொருவரும் மதிப்பிடப்படுவதற்காகவே வந்திருக்கிறார்கள், நேற்று மதிப்பிட்டவர் இன்று மேடையில் நிற்கிறார். பிறரின் மதிப்பீட்டுக்கு அஞ்சுகிறவருக்கு அந்த அச்சத்தின் கூர்மையை இவ்வளவு நேரடியாக மழுக்கும் வழி இந்தப் பட்டியலில் வேறில்லை.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சொற்களே வராத நிலையில் நேராக இங்கே வருகிறவர் காயப்பட்டுத் திரும்புவார். ஆகவே ஒரு துணையோடு இரண்டு மாதமாவது பேசிப் பழகியபின், முதலில் பார்வையாளராக வருவது நல்லது. மேலும், மேடைப் பேச்சு ஒருவழிப்பட்டது. மேடையில் நன்றாகப் பேசுகிற சிலர், இருவர் பேச்சில் குறுக்கே வரும் கேள்விக்கு அஞ்சியபடியே இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

எந்த வழிக்கும் துணையாகுபவை

மனத்தைத் தயார்செய்யும் உத்திகளைத் தனி வழியாக நான் கொள்ளவில்லை, அவை பேசாதவரைப் பேசவைப்பதில்லை. ஆயினும் இரண்டு ஆய்வுகளைக் கற்பவர் அறிந்திருப்பது நல்லது. கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பேசுகிறவர் தம் நடுக்கம் வெளியே தெரிவதாக எண்ணும் அளவுக்கு அது கேட்பவருக்குத் தெரிவதில்லை. இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் மேலும் நன்றாகப் பேசினார்கள். அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் அமைதியாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, உற்சாகமாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். படபடப்பை அடக்குவதைவிட அதற்கு வேறு பெயர் சூட்டுவது எளிது.

இவற்றோடு, நேரம் வாங்கித் தரும் நான்கைந்து தொடர்களை உறக்கத்திலும் சொல்லும் அளவுக்குப் பழகிக்கொள்ள வேண்டும். 'லெட் மீ திங்க் ஃபார் எ மொமென்ட்', 'குட் யூ சே தட் அகைன், ப்ளீஸ்?', 'வாட் ஐ மீன் இஸ்' போன்றவை. மௌனம் விழும் இடத்தில் இவை விழுந்தால் எதிரிலிருப்பவர் காத்திருக்கிறார், காவலரும் சற்று அடங்குகிறார்.

முடிவெடுப்பது

சொற்கள் வராதவர் முதல் மாதம் நாளுக்கு இருபது நிமிடம் 4-3-2 முறையிலும் செயலியிலும் செலவிட்டு, இரண்டாம் மாதம் கட்டாயமாக ஒரு மனிதத் துணைக்கு மாற வேண்டும் என்பேன். தனியாகப் பேச வந்து ஆள் முன் அடைத்துக்கொள்கிறவர் செயலியைத் தொடாமலே பரிமாற்றத் துணையிடம் செல்லலாம், அங்கிருந்து மன்றத்துக்குப் போகலாம். கையில் பணமோ நேரமோ ஒரே வழிக்குத்தான் போதும் என்றால், வாரத்துக்கு ஒருமுறை ஒரே ஆளோடு ஒரு மணி நேரம் என்பதையே தேர்ந்தெடுப்பேன்.

மூன்று வாரத்தில் நேர்முகத் தேர்வு இருப்பவருக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது. அவர் எதிர்பார்க்கக்கூடிய பத்துக் கேள்விகளை எடுத்துக்கொண்டு, முதல் வாரம் செயலியிடமும், இரண்டாம் வாரம் ஒரு நண்பரிடமும், மூன்றாம் வாரம் தமக்கு நெருக்கமில்லாத, சற்றே அச்சம் தரும் ஒருவரிடமும் அதே பதில்களைச் சொல்லிப் பார்க்கட்டும். பதில்களை எழுதி மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒரு சொல் விட்டுப்போனால் முழுப் பதிலும் சரிந்துவிடும். தேர்வுக்கு முந்திய நாள் புதிய சொல் எதையும் படிக்காமல், தமக்கு நன்றாக வரும் ஒரு பதிலை மட்டும் யாரிடமாவது ஒருமுறை சொல்லிவிட்டு நேரத்தோடு உறங்கப் போகட்டும்.